ஒன்பது மஞ்சள் கயிறு

காலை ஏழு மணிக்கு ராஜபாளையத்தில் என் தலையில் சாணித் தண்ணீர் விழுந்தது. கை தவறி விழுந்ததல்ல. மாடியில் நின்ற அம்மாள் வண்டியைப் பார்த்து, அது நேர் கீழே வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்து ஊற்றினாள்.

"போன தடவை வந்து பேரெழுதிட்டுப் போனீயளே, அது பத்தாதா? இப்ப என்னத்துக்கு வாரீய?" என்று மேலிருந்து கத்தினாள்.

"வாசல் தெளிக்கிறதுன்னா வாசலைத் தெளிக்கணும் தாயி. நான் என்ன வாசலா?" என்றேன்.

அவள் அடுத்த சட்டியைத் தேடினாள். எதிர்வீட்டு ராஜு, "பேர்லு லேவு, போண்டி!" என்று தெலுங்கில் சொல்லிக் கதவைச் சாத்தினார். பெயருமில்லை ஒன்றுமில்லை, போய்ச் சேருங்கள் என்று அர்த்தம். எங்கள் பட்டியலில் அது புதுத் தெரு. புதுத் தெருவிலேயே இந்த வரவேற்பு.

நான் மதார் சாகிப். இருபத்தைந்து வருஷம் இந்தத் தாலுகாவில் வீடு வீடாக வளையல் விற்றவன். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையை நீட்டிய ஊர், நான்கு மாதமாக என்னைக் கண்டால் காறித் துப்புகிறது. எல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த தேவகிருபையால் வந்த வினை.

தேவகிருபை மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த விதவை. நாற்பத்து மூன்று வயது, ஆள் குள்ளம், பார்வை ஊசி. பள்ளிக்கூடத்தில் காணாமற்போன வெள்ளிக் கிண்ணத்தையும் அதை எடுத்த பெரிய மனிதரையும் ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்தவள். அதைக் கேள்விப்பட்டுத்தான் சப் கலெக்டர் துரை 1901 கடைசியில் அவளிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்து ஆட்கள் போகிறார்களே, விரும்பிப் போகிறார்களா, பிடித்துக்கொண்டு போகிறார்களா? எத்தனை பேர், எந்த வழியில்? அவள் எழுதுகிற அறிக்கை சென்னைக்குப் போகும். ஆள் சேர்க்கும் கங்காணிகளுக்குச் சட்டம் போடுவதா வேண்டாமா என்று அங்கே அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

வண்டியில் மூன்றாவது ஆள் பொன்னுராஜ். கோர்ட்டுக் கச்சேரி வாசல் மரத்தடியில் ஊராருக்கு மனு எழுதிப் பிழைத்தவர். எங்கள் விசாரணைக்கு எழுத்தராக வந்து சேர்ந்தார். நெடுநெடுவென்ற உயரம், முத்து முத்தான கையெழுத்து. பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே எங்களிடம் மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

"வரி போடத்தான் பேரெழுதுறோம்னு நெனைக்காக. பிளேக் ஊசி போடுவோம்னும் பயம்" என்று பொன்னுராஜ் தன் துண்டை எனக்குத் துடைக்கக் கொடுத்தார்.

தேவகிருபை அந்த மாடியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஊர் எல்லையில் ஒருத்தி ஓடிவந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள். பெயர் சுந்தரம்மாள், சோழபுரத்துக்காரி. கால் முழுக்கப் புழுதி.

"எம் மவள எங்க வச்சிருக்கீக?"

"நாங்க வைக்கல தாயி, நாங்களும் தேடுதவங்கதான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. முறைத்துக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னாள். மகள் செல்லக்கனி, இருபது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சேத்தூர்ப் பக்கம் பருத்தி எடுக்கப் போனவள் ஒன்பது நாளாக வீடு திரும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கங்காணி உக்கிரபாண்டியின் கொட்டகையில் அவளைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் அங்கிருந்து வண்டிகள் சாத்தூருக்குப் புறப்படுகின்றன. சாத்தூரில் ரயில், தூத்துக்குடியில் கப்பல்.

"கப்பலேறிட்டா எம் மவ மூஞ்சிய நான் எங்க போயிப் பாப்பேன்?" என்றாள். வண்டியில் ஏறி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வழி நெடுக ஒரு வாய் தண்ணீர்கூட எங்களிடம் வாங்கிக் குடிக்கவில்லை.

"அந்தக் கொட்டகைக்கு நீங்க போயிருக்கீங்களா?" என்று தேவகிருபை பொதுவாகக் கேட்டாள்.

"நான் அந்தத் திசைக்கே போனதில்லம்மா" என்றார் பொன்னுராஜ்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு ஏற்றிக்கொண்டோம். வர இஷ்டமில்லாமல் வந்தார். ஊருக்குக் கிழக்கே, வெயிலில் காய்ந்த புஞ்சைகளுக்கு நடுவே அந்த நீளமான ஓலைக் கொட்டகை இருந்தது. வாசலில் மீசையை நீவிக்கொண்டு உக்கிரபாண்டி நின்றான்.

"துரை காயிதம் இருக்கா? இருந்தா உள்ள வாங்க. கேக்கதக் கேளுங்க. கஞ்சி குடிச்சதும் வண்டியப் பூட்டிருவேன். பொறவு ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்."

வாசல் உத்தரம் ரொம்பத் தாழ்வு. முதலில் நுழைந்த எனக்கு மண்டையில் இடி. "இது வாசலா, பொறியா?" என்றேன். போலீஸ்காரரின் தலைப்பாகை கழன்று விழுந்தது. பொன்னுராஜ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே குனிந்து வந்தார். தேவகிருபைக்குக் குனிய வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளே போனதும் அவள் வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தாள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எம் பேரு தேவகிருபை. இவரு மதார் சாகிப். எழுதுறவரு பேரு பொன்னுராஜ்" என்று கொட்டகை அதிரச் சொன்னாள். நான்கு மாதத்தில் எங்களை அவள் யாருக்கும் இப்படி அறிமுகம் செய்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளே பதினெட்டுப் பேர். ஒன்பது ஆண்கள், ஒன்பது பெண்கள். எல்லோர் கழுத்திலும் தோட்டத்து நம்பர் அடித்த தகர வில்லை. பெண்கள் கழுத்தில் கூடவே ஒரு தாலி. ஒருத்தர் முகத்திலும் எங்களைக் கண்ட ஆறுதல் இல்லை. கடித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள்.

மூலையில் செல்லக்கனி. "ஏட்டி கனி!" என்று சுந்தரம்மாள் பாய்ந்தாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை.

"இவுக யாருன்னு எனக்குத் தெரியாது" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சுந்தரம்மாள் அப்படியே நின்றாள். பெற்றவளின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்திருக்கக் கூடாது. நான் பார்த்துத் தொலைத்தேன்.

"கேட்டீகளா? அவ எங்க கூட்டத்துச் சடையனோட பொண்டாட்டி. கெழவிக்குக் கிறுக்கு" என்று உக்கிரபாண்டி சிரித்தான்.

வளையல் விற்றவனுக்குக் கண் கை கழுத்துக்குத்தான் முதலில் போகும். தேவகிருபையின் காதோரம் குனிந்தேன். "தங்கச்சி, வளையலப் பாத்தாலே தெரியுது, ஒம்பது பேரும் ஒம்பது ஊரு, வேற வேற சாதி. தாலிக் கயிறு மட்டும் ஒரே உருண்டையில அறுத்தது. மஞ்ச இன்னும் காயல."

அது உக்கிரபாண்டிக்கும் கேட்டுவிட்டது. "வெளியூரு போறதுக்கு முன்ன கயிறு மாத்துனோம். ஒண்ணா வாங்குனா ஒரே உருண்டையிலதான் அறுப்பான். அது குத்தமா?"

குற்றமில்லைதான். 

தேவகிருபை ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பொன்னுராஜ் பக்கத்தில் காகிதத்தை விரித்தார். பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"ஊரு?"

"ஆலங்குளம்."

"புருஷன் பேரு?"

"முனியாண்டி."

"உனக்கு?"

"பெரியகருப்பன்."

"உனக்கு?"

"சுடலைமாடன்."

கேட்ட வாய் மூடுவதற்குள் பதில். ஒன்பது பேரும் இப்படியே. செல்லக்கனிகூட "சடையன்" என்று பட்டென்று சொன்னாள். ஆண்களும் சரியாகத் தலையாட்டினார்கள்.

பொன்னுராஜ் பேனாவைத் துடைத்தார். "பாருங்கம்மா, ஒருத்திகூடத் தடுமாறல. கச்சேரியில இப்படிச் சாட்சி கெடைச்சா எந்த நீதிபதியும் நம்புவாரு."

"ஏலே, வண்டியப் பூட்டு!" என்று உக்கிரபாண்டி வெளியே குரல் கொடுத்தான்.

தேவகிருபை எழுந்திருக்கவில்லை. "ஆமா, ஒருத்திகூடத் தடுமாறல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க வீட்ல ஹாஜரா உங்கள என்னன்னு கூப்பிடுவா?"

நேரங்கெட்ட நேரத்தில் என்ன கேள்வி இது? "'அசன் அத்தா'ன்னு, அசனோட அப்பான்னு மவன் பேரச் சொல்லித்தான். கோவம் வந்தா வேற என்னென்னமோ சொல்லுவா. இருபத்தாறு வருசத்துல மதார்ங்கிற பேரு மட்டும் அவ வாயில வந்ததில்ல."

"எங்க வீட்டுக்காரரு எறந்து ஒம்பது வருசமாச்சு. இன்னைக்கு வரை நானும் அவுக பேரச் சொன்னதில்ல. ஜெபத்துலகூட 'அவுக'ன்னுதான் சொல்லுவேன். நாலு மாசத்துல எத்தன பொம்பளைகட்ட புருஷன் பேரு கேட்டோம்? ஒண்ணு சிரிப்பா, இல்ல பக்கத்து வீட்டுக்காரியச் சொல்லச் சொல்லுவா, அதுவும் இல்லன்னா கோயிலக் காட்டி அந்தச் சாமி பேருதான்னு சொல்லுவா. இங்க ஒம்பது பேரு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறாக."

எனக்குச் சிலிர்த்தது. கையைத் தட்டியிருப்பேன், உக்கிரபாண்டி முந்திக்கொண்டான்.

"நாந்தாம்மா பழக்குனேன். தூத்துக்குடியில ஆபீசரு கேக்கும்போது இவளுக வெக்கப்பட்டுச் சிரிச்சுட்டு நின்னா திருப்பி அனுப்பிருவாரு. பேரச் சொல்லணும்னு ஒரு வாரமா அடிச்சுப் பழக்கிருக்கேன். இது தப்பா?"

நல்ல பதில். பாவி, நல்ல பதில் வைத்திருந்தான். வெளியே மாடுகளின் சலங்கைச் சத்தம் கேட்டது. சுந்தரம்மாள் மகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மகள் அதை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, அம்மாவைப் பார்க்கவும் இல்லை.

"நியாயந்தான்" என்றாள் தேவகிருபை. "அப்ப ஒண்ணே ஒண்ணு. இங்க கஞ்சி காச்சுறது யாரு?"

அடுப்படியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெயிலுகந்தாள் என்று பெயர், முப்பது வயதிருக்கும். புருஷன் எங்கே என்றதற்கு அக்கரையில், இலங்கையில் என்றாள்.

"நீ எல்லாருக்கும் கஞ்சி ஊத்துறவ, எல்லாரையும் அறிவ. இங்க நிக்கிற ஆம்பளைகள ஒவ்வொருத்தரா கையக் காட்டிப் பேரச் சொல்லு. எழுத்துல இருக்கிறதோட ஒத்துப்போனா வண்டி போகட்டும். வந்த நாங்களும் சாட்சிதான், எங்களையும் சேத்துச் சொல்லிரு."

உக்கிரபாண்டிக்கு ஒரே சந்தோஷம். "சொல்லு, சொல்லு" என்றான்.

வெயிலுகந்தாள் கையை நீட்டிக்கொண்டே வந்தாள். "முனியாண்டி. பெரியகருப்பன். சுடலைமாடன். சடையன்..." ஒன்பதும் சரி. "கங்காணி உக்கிரபாண்டி. இவரு மதார் சாகிப்பு..." பொன்னுராஜ் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே வந்தார். என் பெயரோடு அவர் பேனா நின்றது. அவள் நிறுத்துவதற்கு முன்பே அது நின்றதை நான் பார்த்தேன்.

வெயிலுகந்தாளின் கை பொன்னுராஜ் பக்கம் பாதி நீண்டு மடங்கியது.

"இவுக... எழுதுறவுக."

"பேரு?"

"அதான், எழுதுறவுக."

"வந்ததும் பேரு சொன்னேனே. மதார் சாகிப்பு பேரு ஞாபகம் இருக்கு, இவரு பேரு மறந்துபோச்சா?"

வெயிலுகந்தாள் முந்தானையால் வாயை மூடினாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளை இடித்தாள். "ஏட்டி, நீ சொல்லுட்டி."

 பொன்னுராஜ் மெதுவாகச் சிரித்தார். "நாட்டுப்புறத்துப் பொம்பளை. புது ஆளக் கண்டு வெக்கம்."

"புது ஆளா?" தேவகிருபை அவரைப் பார்த்தாள். "அந்த உத்தரத்துல அண்ணனும் போலீஸ்காரரும் இடிச்சுக்கிட்டாக. அவுகளவிட நீங்க ஒரு சாண் ஒசரம். ஆனா பாக்காமலே குனிஞ்சு வந்தீக. இந்தத் திசைக்கே வந்ததில்லன்னு வண்டியில சொன்னீகளே?"

"இதெல்லாம் ஒரு சாட்சியாம்மா? குனிஞ்சதும், ஒருத்தி பேரு சொல்லாததும்? கச்சேரியில சிரிப்பாக."

"சிரிக்கட்டும்." தேவகிருபை வெயிலுகந்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது, எனக்கே பயமாக இருந்தது. "தாயி, இவரு உனக்கு யாரும் இல்லன்னா ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிரு. இவரு மேல பழி இல்ல, நாங்க இப்பமே போயிருவோம். சொல்லு."

வெயிலுகந்தாள் பொன்னுராஜைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணில் நீர் இறங்கியது.

பொன்னுராஜுக்குப் பொறுமை போய்விட்டது. நான்கு மாதமாக நான் கேட்டிராத குரலில் கத்தினார். "சொல்லித் தொலையேண்டி, மூதேவி!"

"மாட்டேன்!" என்று அவள் அலறினாள். "என்னைய வெட்டிப் போடுங்க. நான் சொல்லி, உங்க ஆயுசுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரரே தூக்கம் கலைந்து, பொன்னுராஜின் தோளில் கை வைத்தார். வெளியே நழுவப் பார்த்த உக்கிரபாண்டியின் மண்டையில் அந்த உத்தரமே ஒரு போடு போட்டது. மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

"இந்தக் கொட்டகையில இருக்கிற பொண்டாட்டி ஒருத்திதான்" என்றாள் தேவகிருபை. "துறைமுகத்துல தனிப் பொம்பளைய நிறுத்திக் கேப்பாக, புருஷனோட போனா கேக்க மாட்டாக. அதுக்குத்தான் இந்த ஒம்பது கயிறு. தடுமாறுற சாட்சிய நம்ப மாட்டாகங்கிறது மனு எழுதுறவன் படிச்ச பாடம். அதான் தடுமாறாமப் பழக்கிட்டான்."

"இவன்தான்னு எப்பத் தெரியும் தங்கச்சி?" என்றேன்.

"காலையில உங்க தலையில ஊத்துனாளே, அப்ப இருந்து சந்தேகம். 'போன தடவ பேரெழுதிட்டுப் போனீயளே'ன்னு கேட்டா. நாம அந்தத் தெருவுக்கு இன்னைக்குத்தானே முத தடவ போனோம்?"

நான் தலையைத் தடவினேன். எனக்கு உறைக்க ஒரு சட்டி சாணித் தண்ணீர் போதவில்லை.

அப்போதுதான் செல்லக்கனி நிமிர்ந்தாள். அம்மாவை அல்ல, தேவகிருபையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி என்று எதுவும் இல்லை.

"கங்காணி கூப்பிட்டிருந்தா யாரு போயிருப்பா? இந்த எழுதுறவருதான் சேத்தூருக்கு வந்தாரு. துரை விசாரண, பொம்பள ஆபீசரு அனுப்பிருக்காகன்னு உங்க பேரத்தான் சொன்னாரு. யாருக்கு அப்பன் இல்ல, யாருக்குக் கல்யாணம் ஆகலன்னு ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாரு. முத்திரத் தாள்ல கைநாட்டு வாங்குனாரு. பொறவு, மாத்திப் பேசுனா ஆத்தாளையும் மகளையும் சேத்து அந்தமானுக்கு அனுப்பிருவாகன்னாரு." மூச்சு வாங்கியது. "உங்கள நம்பித்தான் கைநாட்டு வச்சேன். உங்களாலதான் எங்க ஆத்தாள யாருன்னு தெரியாதுன்னு சொன்னேன்."

 தேவகிருபையின் முகம் கறுத்துப்போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பிறகு அவளே பதினெட்டுப் பேரையும் தனித்தனியாக வெளியே அழைத்துப்போய் வேப்பமரத்தடியில் கேட்டாள், தன் கையாலேயே எழுதினாள். ஏழு பேர், "இங்க கெடந்து சாகுறதுக்கு அக்கரைக்கே போறோம்" என்றார்கள். அதையும் ஒளிக்காமல் எழுதினாள். பதினொரு பேர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள்.

பொன்னுராஜ் நான்கு மாதமாக எழுதிய வாக்குமூலக் கட்டு வண்டியில் இருந்தது. நானூற்றுச் சொச்சம் பேர். அதை அவிழ்க்காமலே என்னிடம் தள்ளினாள். "இதுல எது சனங்க சொன்னது, எது அவன் எழுதுனதுன்னு இனி யாருக்குத் தெரியும்? இத வச்சுச் சட்டம் போட்டா அந்தச் சட்டம் யாரக் காப்பாத்தும்? முதல்ல இருந்து கேக்கணும் அண்ணே."

ஒரு புதுத் தாளை எடுத்து மேலே தலைப்புப் போட்டாள்: ஆள் பிடிக்கப்படும் வழிகள். அதன் கீழே எழுதியதை எட்டிப் பார்த்தேன். முதலாவது வழி, எங்கள் விசாரணை.

"தங்கச்சி, இத எழுதுனா துரை நம்மள வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"எழுதலன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தத் தெருவுக்குத் திரும்பப் போவேன்?"

சுந்தரம்மாள் மகளின் கழுத்திலிருந்த கயிற்றையும் தகரத்தையும் சேர்த்து அறுத்து எறிந்தாள். வண்டியில் ஏறச் சொன்னேன். "உங்க வண்டியில ஏற மாட்டோம்" என்றாள். சோழபுரத்துக்கு இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள். செல்லக்கனி அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் ராஜபாளையத்துக்குத் திரும்பினோம். அதே தெரு, அதே மாடி, அதே அம்மாள், கையில் சட்டி. வேறு வழியாகப் போகலாம் என்றேன். தேவகிருபை கேட்கவில்லை. இறங்கி நேராக அந்த மாடிக்குக் கீழே போய், ஊற்றினால் தலையில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

"உங்க வீட்ல இருந்து யாரு போனது?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு சட்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரு" என்றாள்.